திம்பம் ஏற்றத்தில் கேட்ட சீறல்

பண்ணாரி சோதனைச் சாவடியில் காலை 6 மணிக்குத் தடுப்பைத் தூக்கினார்கள். வரிசையில் என் பிக்அப் ஏழாவது. பின்னால் 1,300 கிலோ கதலித் தார், சாம்ராஜ்நகருக்குப் போகவேண்டியது. திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவு தாண்டி மூன்றாவது கியருக்கு மாற்றி ஆக்சிலேட்டரை மிதித்தபோது அந்தச் சத்தம் கேட்டது. டயரில் காற்று இறங்கும்போது வருமே, அதைப்போல ஒரு சீறல். காலை எடுத்தால் நின்றது. மிதித்தால் மறுபடியும் தொடங்கியது. பக்கக் கண்ணாடியில் பார்த்தேன், பின்னால் கரும்புகை. வழக்கமாக மூன்றாவது கியரில் ஏறும் இடத்திலெல்லாம் அன்று இரண்டாவதில்தான் ஏறினேன்.

சரக்கை இறக்கிவிட்டு அன்று மாலையே கோபிசெட்டிபாளையத்துக்குத் திரும்பினேன். ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்து வண்டிக்கு அடியில் விரித்துவிட்டுப் படுத்தேன். விடிந்து பார்த்தால் அட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்.

நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் பானெட்டைத் திறந்தார், எஞ்சினை ஓடவிட்டு நான்கு முறை முறுக்கினார், எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் அடிப்பக்கம் விரலால் தடவிக் கருப்பு எண்ணெயை என் முகத்துக்கு நேராகக் காட்டினார். "டர்போ முடிந்துவிட்டதுங்க, மாற்றித்தான் ஆகவேண்டும்" என்றார். 42,000 ரூபாய். இதற்கு அவருக்கு ஆன நேரம் மூன்று நிமிடம். ஒரு ஹோஸைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. தவணை கட்டி வண்டி ஓட்டுகிறவனுக்கு 42,000 ரூபாய் என்பது என்ன தொகை என்று அந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்காது. அதைவிட, டர்போ சாகும் சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இதே வண்டியில் 2019-இல் ஒன்றைச் சாகவிட்டவன் நான்.

அது சீறல் இல்லை, ஊளை. ஆசனூர் தாண்டிச் சமதரையில் போய்க்கொண்டிருக்கும்போது தூரத்தில் ஆம்புலன்ஸ் வருகிறது என்று நினைத்து ஓரம் கட்டினேன். வண்டி நின்றதும் ஆம்புலன்ஸும் நின்றுவிட்டது. மறுபடி எடுத்து முறுக்கினால் ஊளை ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. எஞ்சின் வேகத்தைத் தொட்டுக்கொண்டே ஏறி இறங்கும் அந்த உலோக ஊளையை ஒருமுறை கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். அப்படியே இரண்டு நாள் ஓட்டினேன். மூன்றாம் நாள் சைலன்சரில் நீலப்புகை. கழற்றியபோது உள்ளேயிருந்த சக்கரத்தின் இதழ்கள் ஓரம் தேய்ந்து, கூட்டின் சுவரில் வட்டமாகப் பளபளவென்று உரசிய கோடு.

நம் பக்கத்தில் இதைப் புரியவைப்பது கடினமில்லை. கிணற்று மோட்டார் ஓடுவதை வரப்பில் நின்று கேட்டே "பேரிங் போகிறது, நாளைக்குக் கழற்றிவிடு" என்று சொல்லும் விவசாயிகள் கொங்கு நாட்டில் ஊருக்குப் பத்துப் பேர் உண்டு. என் அப்பா ஆயில் எஞ்சின் காலத்து ஆள். திண்ணையில் உட்கார்ந்தபடி, தோட்டத்து எஞ்சினுக்கு டீசல் தீரப்போவதைச் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். அந்தக் காது நமக்கு இருக்கிறது. டர்போ என்றவுடன் ஏதோ கம்ப்யூட்டர் சமாசாரம் என்று பயந்து, அந்தக் காதை மூடிக்கொள்கிறோம்.

டர்போ என்பது ஒரே தண்டில் கோத்த இரண்டு சிறிய விசிறிகள். வெளியேறும் புகை ஒரு விசிறியைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் விசிறி வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, எஞ்சினுக்குத் தள்ளுகிறது. வீணாகப் போகும் புகையைக் கொண்டே எஞ்சினுக்கு மூச்சுக் கொடுக்கலாம் என்று ஆல்ஃபிரட் பூஹி என்ற சுவிட்சர்லாந்து பொறியாளர் 1905-இல் காப்புரிமை வாங்கினார். நம் பிக்அப்பில் இருப்பது போன்ற சிறிய டர்போவின் தண்டு, முழுச் சுமையில் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அந்த வேகத்தில் அது உலோகத்தின் மேல் நிற்பதில்லை, எண்ணெயில் மிதக்கிறது. முடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம். அது அறுந்தால் தண்டு தன்னைத் தாங்கும் புஷ்ஷைத் தின்னும், சக்கரம் கூட்டில் உரசும், ஊளை வரும்.

2019-இல் அந்தப் படலத்தை அறுத்தது என் பழக்கம்தான். 27 வளைவையும் முழுச் சுமையோடு ஏறி, மேலே திம்பத்தில் டீக்கடை முன்னால் நிறுத்திய கையோடு சாவியைத் திருப்பி அணைத்துவிடுவேன். டர்போவின் புகைப்பக்கம் அப்போது கொதித்துக்கொண்டிருக்கும். எஞ்சின் நின்றதும் எண்ணெய் ஓட்டமும் நிற்கிறது. உள்ளே தேங்கிய எண்ணெய் அந்தச் சூட்டில் கருகிக் கரியாகிறது. போதாததற்கு 10,000 கிலோமீட்டரில் மாற்றவேண்டிய ஆயிலை 16,000 வரை இழுத்திருந்தேன். டர்போவுக்கு எண்ணெய் கொண்டுபோகும் மெல்லிய குழாயை என் தாய்மாமா கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். பென்சில் போகவேண்டிய துளையில் ஊசிதான் போகும், அவ்வளவு கரி. "மாப்பிள்ளை, இந்தக் குழாயை மாற்றாமல் புது டர்போ போட்டால் அதுவும் ஒரே மாதம்தான்" என்றார். அன்றிலிருந்து ஏற்றம் முடிந்தால் இரண்டு நிமிடம் ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஐடிலில் விட்ட பிறகுதான் அணைக்கிறேன். காலையில் எடுத்தவுடன் முறுக்குவதும் இல்லை.

இந்த முறையும் மாமாவைத்தான் கூப்பிட்டேன். அம்மாவின் தம்பி. சங்ககிரியில் லாரிப் பட்டறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்ந்தவர். தொலைபேசியில் சத்தத்தைச் சொன்னேன். "காற்றா, இரும்பா?" என்று ஒரே கேள்வி. காற்று என்றேன். "அப்படியென்றால் அவசரப்படாதே. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அதற்குள் எஞ்சினைக் கழுவி வை. அழுக்கு எஞ்சினில் எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று கடவுளாலும் சொல்ல முடியாது."

இந்தக் கழுவும் வேலையை யாரும் மதிப்பதில்லை, ஆனால் பாதி வைத்தியம் அதுதான். எண்ணெய் மேலே கசிந்து கீழே சொட்டும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். சொட்டுகிற இடத்துக்கும் கசிகிற இடத்துக்கும் இரண்டு அடி தூரம் இருக்கலாம். எஞ்சின் ஆறியபிறகு பிரஷ்ஷும் டீசலுமாக மேலிருந்து கீழே தேய்த்தேன், பனியன் வேஸ்ட்டால் துடைத்தேன் (திருப்பூர் பக்கத்தில் இருப்பதால் நமக்கு அதற்குப் பஞ்சமில்லை), சோப்புத் தண்ணீரால் அலசி, ஒரு பகல் வெயிலில் காயவிட்டேன். மின் இணைப்புகளுக்கும் ஆல்டர்னேட்டருக்கும் முன்பே பிளாஸ்டிக் பை கட்டியிருந்தேன்.

ஞாயிறு காலை மாமா கையில் முகப்பவுடர் டப்பாவோடு வந்தார். கோலமாவு இருக்கிறதே என்றேன். "அது கல்பொடி. ஒரு துகள் உள்ளே போனாலும் சக்கரத்தை அறுத்துவிடும்" என்றார். டர்போவின் எண்ணெய்க் குழாய்கள், ஹோஸ் மூட்டுகள், வால்வு மூடியின் ஓரம் என்று எல்லா இடத்திலும் மெல்லப் பவுடரைத் தட்டிவிட்டார். எஞ்சினின் அந்தப் பகுதி பொங்கலுக்கு வெள்ளை அடித்த சுவர்போல ஆனது. சத்தியமங்கலம் வரை போய்த் திரும்பச் சொன்னார். போகும்போது நான்காவது கியரில் நன்றாக இழுக்கவைக்கச் சொன்னார். திரும்பி வந்து பானெட்டைத் திறந்தோம்.

வெள்ளையில் இரண்டு இடத்தில் கருப்பு. முதல் இடம் டர்போவின் தலைமேல். எண்ணெய்க் குழாய் வந்து சேரும் துளைபோட்ட போல்ட்டின் அடியில், செப்பு வாஷர் ஓரத்திலிருந்து நூல் பிடித்ததுபோல ஒரு கோடு கிளம்பி, கூட்டின் வளைவில் வழிந்து, அடியில் சேர்ந்திருந்தது. பட்டறைக்காரர் விரலால் தடவிய இடம் அதேதான். எண்ணெய் டர்போவுக்குள்ளிருந்து வரவில்லை, மேலிருந்து வழிந்து வந்து அங்கே நின்றிருக்கிறது. ஆறு மாதம் முன்பு வேறொரு வேலைக்காக அந்தக் குழாயைக் கழற்றியவர்கள் பழைய வாஷரையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். செப்பு வாஷர் ஒருமுறைதான் நசுங்கி அடைக்கும். சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் செம்பு மறுபடி இளகும், பழைய ஆட்கள் அப்படிச் செய்வார்கள். புதியது சில ரூபாய்க்குக் கிடைக்கும்போது அது தேவையில்லை. இதை அலட்சியப்படுத்தவும் கூடாது. அந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பழுக்கக் காயும் புகைக்குழாய் இருக்கிறது. எண்ணெய் அதில் சொட்டினால் வாடையோடு போகாது, தீயும் பிடிக்கும்.

இரண்டாவது கருப்பு, டர்போ அழுத்திய சூடான காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிவயிற்றில். இங்கே எண்ணெய் கோடாக இல்லை, தெளித்ததுபோல விசிறியாகச் சிதறியிருந்தது. மாமாவின் முகம் மலர்ந்தது. "பாரு மாப்பிள்ளை, இது வழியவில்லை. ஊதியிருக்கிறது."

சத்தத்தைத் தேடத் தோட்டத்திலிருந்து சொட்டுநீர்க் குழாய் ஒரு துண்டு வெட்டிவரச் சொன்னார். 16 மில்லிமீட்டர் குழாய், ஒரு கஜ நீளம். ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை மூட்டு மூட்டாக நகர்த்தினால், மொத்த இரைச்சலில் அந்த ஓர் இடத்துச் சத்தம் மட்டும் பிரிந்து கேட்கும். பெல்ட்டும் விசிறியும் சுற்றும் பக்கம் குழாயோ சட்டைக்கையோ போய்விடக் கூடாது. புகைக்குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் முதலில் வைத்தார். அங்கே பேக்கிங் போயிருந்தால் 'புஸ் புஸ்' என்று விட்டுவிட்டுக் கேட்கும். சுற்றிலும் கரிப்படிவும் இருக்கும். எஞ்சின் சூடேறியதும் சில சமயம் அந்தச் சத்தம் குறைந்துவிடுவதால் காலையில் முதல் ஐந்து நிமிடத்திலேயே கேட்டுவிட வேண்டும். எங்கள் வண்டியில் அங்கே சுத்தம். பெல்ட் கீச்சிடுகிறதா என்று பார்க்க அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார், மாற்றமில்லை. டர்போவின் அருகில் வைத்து என்னிடம் குழாயைக் கொடுத்தார். மெல்லிய, சீரான விசில். புல்லாங்குழலை யாரோ அடுத்த அறையில் வாசிப்பதுபோல. "இது நல்ல டர்போவின் சத்தம். இதை நன்றாகக் கேட்டு மனதில் வைத்துக்கொள். இது மாறினால்தான் நீ என்னைக் கூப்பிட வேண்டும்" என்றார்.

ஹோஸில் வைத்தபோது ஐடிலில் ஒன்றும் கேட்கவில்லை. சுமை இல்லாமல் டர்போ அழுத்தம் கொடுக்காது, அழுத்தம் இல்லாமல் ஓட்டை சீறாது. பட்டறையில் வண்டியை நிறுத்திவைத்து முறுக்கியபோது அந்தச் சீறல் வராததற்கும் இதுதான் காரணம். எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வரும் குழாயைக் கழற்றி, அதன் வாயில் பி.வி.சி. மூடி ஒன்றை கிளாம்ப் போட்டு இறுக்கினோம். மூடியில் ஒரு டியூப் வால்வு. பஞ்சர் கடையிலிருந்து கொண்டுவந்த சிறிய கம்ப்ரசரால் 10 பி.எஸ்.ஐ. மட்டும் காற்று கொடுத்தோம். அதற்குமேல் போனால் நல்ல மூட்டையும் பிய்த்துவிடும். சோப்பு நுரையை ஹோஸின் அடியில் தடவினேன். நுரை கொதித்தது. பஞ்சர் பார்ப்பதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

ஹோஸைக் கழற்றி வளைத்தபோது, தாங்கியில் உரசித் தேய்ந்த இடத்தில் ஒரு வெடிப்பு வாய் திறந்தது. இரண்டு விரல் நீளம். நேராக வைத்தால் உதடு மூடி மறைந்துவிடுகிறது. அழுத்தம் வரும்போதுதான் திறக்கிறது. எஞ்சினுக்குப் போகவேண்டிய காற்று அதன்வழியாகப் போனதால் டீசல் சரியாக எரியாமல் கரும்புகை; இழுவை இல்லை; சீறல். ஹோஸுக்குள் இருந்த எண்ணெய்ப் பிசுபிசுப்பையும் காற்று அதன்வழியாக வெளியே ஊதியிருக்கிறது.

உள்ளே எண்ணெய் எப்படி வந்தது? இந்தக் கேள்வியை விட்டுவிட்டு ஹோஸை மட்டும் மாற்றியிருந்தால் வேலை பாதிதான் முடிந்திருக்கும். மெல்லிய பூச்சாக இருந்தால் அது இயல்பு. எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிரீதர் குழாய் வழியாக வரும் எண்ணெய் ஆவி காற்றோடு கலந்து அங்கே படியும். எங்கள் இன்டர்கூலரைக் கவிழ்த்தபோது ஒரு டீ டம்ளரில் பாதி வந்தது. அது பூச்சு இல்லை.

டர்போவின் தண்டை அப்போதுதான் பார்த்தோம். மாமா என் இரண்டு விரலையும் பிடித்து நடு நட்டின்மேல் வைத்தார். பக்கவாட்டில் அசைத்தால் மிகக் கொஞ்சம் ஆட்டம் இருந்தது. எண்ணெய் ஓடாதபோது அந்த அளவு இருக்கத்தான் செய்யும். ஆட்டினாலும் சக்கரம் சுவரைத் தொடக்கூடாது, தொடவில்லை. உள்ளே வெளியே என்று தள்ளி இழுத்தேன். அசைவே இல்லை. அந்தத் திசையில் விரலுக்குத் தட்டுப்படும் அளவு ஆட்டம் இருந்தால் டர்போவின் கதை முடிந்தது என்று அர்த்தம். இதழ்களின் ஓரம் கத்திபோல இருந்தது, ஒரு பல்கூடப் போகவில்லை. சுற்றிவிட்டேன், சத்தமில்லாமல் சுற்றி மெதுவாக நின்றது. 42,000 ரூபாய்க்குத் தூக்கி எறியச் சொன்ன டர்போ அது.

பெரும்பாலான டீசல் டர்போக்களில் எண்ணெயைத் தடுப்பது ரப்பர் சீல் இல்லை. மெல்லிய உலோக வளையங்கள். இருபக்க அழுத்தமும் சரியாக இருக்கும்வரைதான் அவை எண்ணெயைத் தடுக்கும். டர்போவிலிருந்து எண்ணெய் எஞ்சினுக்குத் திரும்பும் குழாய் அடைத்தாலோ, எஞ்சினுக்குள் காற்றழுத்தம் ஏறினாலோ, ஏர் ஃபில்டர் அடைத்து டர்போவின் வாயில் உறிஞ்சும் இழுப்பு கூடினாலோ, நல்ல டர்போவும் எண்ணெய் கக்கும். திரும்பும் குழாயில் எண்ணெய் தன் எடையால்தான் இறங்குகிறது, அதனால் அதில் ஒரு மடிப்புக்கூட இருக்கக் கூடாது. பேக்கிங்குக்குப் பதிலாகச் சிலிக்கான் பேஸ்ட்டைப் பூசுவதும் ஆபத்து, பிதுங்கிய துண்டு உள்ளே போய் அடைக்கும். எங்களுடையது சுத்தமாக இருந்தது. எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றித் தலைகீழாக வைத்துப் பார்த்தோம். மூடி குதித்தால் பிஸ்டன் பக்கம் கோளாறு. லேசாக நடுங்கியது, அவ்வளவுதான்.

கடைசியில் ஏர் ஃபில்டர். பெட்டியைத் திறந்த மாமா சற்று நேரம் பேசவில்லை. ஃபில்டர் முழுக்க மஞ்சள். மடிப்பு மடிப்பாக, விரலால் வழித்தெடுக்கும் அளவுக்கு மஞ்சள் தூள். மாசியும் பங்குனியும் மஞ்சள் மெருகு போடும் களங்களில் வண்டி நின்றது நினைவுக்கு வந்தது. வெந்து காய்ந்த மஞ்சளைப் பீப்பாயில் போட்டுச் சுற்றும்போது கிளம்பும் தூசியில், மூட்டை ஏற்றும்வரை எஞ்சினை ஓடவிட்டபடி நிற்பேன். இருபது நடை இருக்கும். மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு நின்ற எனக்கு, வண்டியின் மூக்கைப் பார்க்கத் தோன்றவில்லை. அதற்காக நான் உண்மையாகவே வருந்தினேன்.

புது ஃபில்டர், புது ஹோஸ், கிளாம்ப் இரண்டு, செப்பு வாஷர்கள். எல்லாம் சேர்ந்து 3,650 ரூபாய். இன்டர்கூலரை டீசலால் அலசி, கவிழ்த்து, மாலைவரை வெயிலில் வைத்த பிறகே பூட்டவிட்டார் மாமா. உள்ளே எண்ணெயோ டீசலோ தேங்கியிருந்தால் எஞ்சின் அதையே குடித்துக்கொண்டு கட்டுக்கடங்காமல் ஓடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அப்படி ஆனால் பிரேக்கை அழுத்தி, மேல் கியரில் போட்டு, கிளட்சை விட்டு எஞ்சினைத் திணறடிக்க வேண்டும், அல்லது காற்று வரும் வழியை அடைக்க வேண்டும். வெறுங்கையால் மட்டும் அடைக்கக் கூடாது. புது ஹோஸ் தாங்கியில் படும் இடத்தில் பழைய டியூபை வெட்டிச் சுற்றினோம்.

அடுத்த புதன்கிழமை மறுபடியும் பண்ணாரி வரிசை, அதே எடைக்குக் கதலி. கண்ணாடியை இறக்கிவிட்டு, பாட்டுப் போடாமல் ஏறினேன். ஒன்பதாவது வளைவில் மூன்றாவது கியர். அந்தப் புல்லாங்குழல் மட்டும் கேட்டது. மேலே டீக்கடை முன்னால் இரண்டு நிமிடம் எஞ்சின் ஓடியபடி உட்கார்ந்திருந்துவிட்டு அணைத்தேன்.

அட்டையை இன்னும் எடுக்கவில்லை. இரண்டு வாரமாகப் பார்க்கிறேன், டர்போவுக்கு நேர்கீழே சுத்தமாக இருக்கிறது. அரை அடி முன்னால் மட்டும் ஒரு பொட்டு. வால்வு மூடியின் பின்பக்கப் பேக்கிங்காக இருக்க வேண்டும். பவுடர் டப்பாவை மாமா இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை கழுவிவிட்டுப் பார்க்க வேண்டும்.